சோடி இல்லாத ஈர்க்கு

"இதுக்குச் சோடி உங்ககிட்ட இருக்கா சார்?"

கேட்டவர் ஊர்ப் பெரியவர் வெள்ளைத்துரை. இடம், குளத்து மடையடி. நேரம், உச்சி வெயில். என்னைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் கையில் ஆடு மேய்க்கிற கம்பு. நடுவில் மாடசாமி, துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு பனை ஈர்க்கை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார். நீளவாட்டில் பாதியாகக் கீறிய ஈர்க்கு. மீதிப் பாதி எங்கே என்பதுதான் கேள்வி.

அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். மாடசாமியும் பார்த்தார். அவர் முகத்தில் மட்டும் பயமே இல்லை. சார் இருக்காரே, சார் எடுத்துக் கொடுத்துவிடுவாரே என்ற தைரியம்.

நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால், நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, "மீன் இலாகாவில் வேலை பார்த்தேன் என்கிறீர்களே, சங்கரன்கோவிலில் ஏதய்யா மீன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் மாமனாரும் அதையேதான் கேட்டார்.

கல்லு சார்

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு மீன் இலாகாவில் தற்காலிக வேலை. தற்காலிகம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தபாலில் உத்தரவு வரும். வரவில்லையென்றால் வேலை இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். கோமதி, என் மனைவி, இந்த ஊர்ப் பெண். ஊர் அம்மன் பெயர் அது, தெருவுக்கு நாலு கோமதி உண்டு. அவளுக்கு அப்போது ஆறாம் மாதம்.

வேலை இதுதான். சுற்று வட்டாரக் குளங்களில் பிடிபடுகிற விரால் மீனின் நீளத்தை அளக்க வேண்டும். பிறகு மண்டையைப் பிளந்து காது எலும்பை எடுத்து அதையும் அளக்க வேண்டும். இரண்டையும் நோட்டில் பதிய வேண்டும். எலும்பு இவ்வளவு இருந்தால் மீன் இவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்கு கண்டுபிடிக்கப் பட்டணத்தில் யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

"மீனுக்குக் காதா? எங்கன இருக்கு வே? கம்மல் போடுமா?" என்று சந்தையில் கேலி செய்யாத ஆள் கிடையாது.

வெளியே காது கிடையாது. மூளைக்கு அடியில், இடம் ஒன்று வலம் ஒன்றாக, இரண்டு வெள்ளைக் கற்கள் இருக்கும், அவைதான் காது எலும்பு. உடைந்த பச்சரிசி போல இருக்கும், ஓரம் மட்டும் சொரசொரப்பு. ஊசி முனையால் எடுத்து, கழுவி, பூதக்கண்ணாடி வைத்து அளந்து, காகிதத்தில் மடித்து எண் போட்டு வைப்பேன். ஊரில் எனக்குக் கல்லு சார் என்று பெயர் வந்துவிட்டது. என் சொந்தப் பெயர் என் மாமனாருக்கே மறந்துபோனது.

ஆட்டுக்குக் கீறுகிற ஈர்க்கு

தலையை எனக்கு யார் தருவார்கள்? விரால் மீனில் தலைதான் ருசி, அதற்குத்தான் அடிதடி. இந்த இக்கட்டிலிருந்து என்னைக் காப்பாற்றியவர் மாடசாமி.

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எல்லாருக்கும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அந்த ஊர்க் குளத்தில் வலை போடுகிறவர் அவர். அப்போது அவன், இவன் என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் அவர் என்று வருகிறது. வரட்டும்.

மண்டை சிதையாமல் கல்லை மட்டும் எடுக்க அவருக்கு ஒரு முறை காட்டினேன். மறுநாள் என்னைவிடச் சுத்தமாக எடுத்தார். தலை குழம்புக்குப் போகும், கல் எனக்கு வரும். ஆனால் நீளம்? அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அங்குலம் தெரியாது.

"அதுக்கென்ன சார், ஈர்க்கு கீறிருவோம்" என்றார்.

அந்தப் பக்கத்தில் ஆட்டை இன்னொருவர் மந்தையில் கிடைக்கு விடுகிறவர்கள் செய்கிற வேலை அது. பனை ஈர்க்கில் ஆட்டுக்கு ஒரு வெட்டாகப் போட்டு, ஈர்க்கை நீளவாட்டில் இரண்டாகக் கீறி, பாதியை ஆட்டுக்காரனும் பாதியை மந்தையை மேய்க்கிற கீதாரியும் வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நார் நாரோடு பொருந்தும். வேறு எந்த ஈர்க்கும் அதோடு பொருந்தாது.

மாடசாமி மீனைக் கிடத்தி, மூக்கிலிருந்து வால் நுனி வரை ஈர்க்கை வைத்து ஒடிப்பார். பிறகு கீறுவார். பாதியைக் கல் பொட்டலத்தோடு எனக்குக் கட்டி அனுப்புவார். மறுபாதி அவர் வீட்டுக் கூரையில் செருகியிருக்கும்.

"உனக்கு எதுக்குடே அது?" என்று கேட்டேன்.

"சர்க்காருன்னா ரெண்டு பேருகிட்டயும் இருக்கணும்லா?" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

கோட்டை விட்டு விலகிய புள்ளி

கட்டம் போட்ட தாளில் கல்லின் நீளத்தைக் குறுக்கேயும் மீனின் நீளத்தை மேலேயும் குறித்துப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். புள்ளிகள் சொன்ன பேச்சு கேட்டன. சின்ன மீனுக்குச் சின்னக் கல், பெரிய மீனுக்குப் பெரிய கல். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுவிடலாம்.

ஒன்றிரண்டு மட்டும் விலகி நின்றன. திருநெல்வேலியிலிருந்து வந்த சூப்பர்வைசர் அவற்றைப் பார்த்து முகம் சுளித்தார். "இது மீனோட தப்பா, உம்ம தப்பா? இன்னொரு தடவை இப்படிப் பாத்தேன்னா வேற ஆளைப் போட்டுருவேன்" என்றார்.

அது மழை பொய்த்த வருஷம். மாடசாமியின் குளம் சுருங்கி, நடுவில் ஒரு குட்டை மட்டும் கிடந்தது. அந்தக் குட்டையிலிருந்து ஒரு விராலின் கல் வந்தது. நல்ல பெரிய கல். என் கோட்டின்படி மீன் இருபத்திரண்டு அங்குலம் இருக்க வேண்டும். ஈர்க்கை அளந்தால் பதினெட்டு.

புள்ளி வைத்தேன். கோட்டை விட்டு எங்கேயோ போய் நின்றது. எனக்குச் சூப்பர்வைசர் முகம் வந்தது, தபால்காரர் முகம் வந்தது, கோமதியின் வயிறு வந்தது. ஈர்க்கு நுனி ஒடிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நுனி ஒடியவில்லை, எனக்கு நன்றாகத் தெரிந்தது. பதினெட்டை அழித்தேன். இருபத்திரண்டு என்று எழுதினேன். ஈர்க்கைக் கொல்லைப்புறம் விட்டெறிந்தேன்.

இவ்வளவுதான் நான் செய்தது. ஒரு அழிப்பு, ஒரு எறிதல். யாருக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

வளையம் போட்ட மீன்

நான்காம் நாள் காலையில் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். "சார், நோட்டை எடுத்துக்கிட்டு எங்ககூட வரணும். ஊரு கூடியிருக்கு" என்றார்கள். கேட்டுக்கொண்டது மாதிரி இருந்தது. கம்பு வைத்திருந்ததைப் பார்த்தால் அப்படி இல்லை.

மாட்டு வண்டியில் போகும்போது சொன்னார்கள். அந்தக் குளத்தில் ஒரு மீன் உண்டு. முன்பு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்த வருஷம், ஒரு விராலைப் பிடித்து, உதட்டில் வெள்ளி வளையம் போட்டு, மடை காக்கிற அம்மனுக்கென்று விட்டிருக்கிறார்கள். அதைத் தொட்டால் குளம் பெருகாது. கடைசியாகப் பார்த்தபோது ஒண்ணேகால் முழத்துக்குக் குறையாது. இப்போது பல நாளாகக் கண்ணில் படவில்லை. மாடசாமி சந்தையில் பெரிய விரால் ஒன்றைக் கூறு போட்டு விற்றதைப் பார்த்திருக்கிறார்கள். உதட்டில் வளையம் இருந்ததா என்று பார்க்கத் தலை இல்லை, அதைத் தின்றவன் யாரென்று தெரியவில்லை.

"அவன் ஒரு முழம்தாம்னு சாதிக்கான். நீளம் சர்க்கார் நோட்டுல இருக்குமே, அதப் பாத்துக்கிடலாம்னு பெரியவரு சொல்லிட்டாரு."

ஒண்ணேகால் முழம் என்றால் எத்தனை அங்குலம் என்று மனசு தானாகப் போட்டுப் பார்த்தது. இருபத்திரண்டரை. அதற்குமேல் வண்டிக்காரன் பேசியது எதுவும் காதில் விழவில்லை. மாடு நின்றுவிடாதா, அச்சு முறிந்துவிடாதா என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன். வேண்டாத நேரத்தில் மாடுகள் நன்றாகத்தான் ஓடும்.

மடையடியில்

குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சேற்று நாற்றம் தொண்டையில் ஒட்டியது. என்னை ஒரு கல்லில் உட்கார வைத்தார்கள். ஒரு கிழவர் ஓலைப்பெட்டியில் புற்றுமண் கொண்டுவந்து நீட்டினார். சங்கரன்கோவில் கோயிலில் பிரசாதமாகத் தருவது, எங்கள் வீட்டிலும் மாடத்தில் எப்போதும் இருக்கும்.

"தொட்டு நெத்தியில இட்டுக்கிட்டுச் சொல்லுங்க" என்றார் வெள்ளைத்துரை.

இட்டுக்கொண்டேன். நோட்டைத் திறந்தேன். "இருபத்திரண்டு அங்குலம்" என்று படித்தேன். பொய் இல்லை. எழுதியிருந்ததைத்தான் படித்தேன்.

"முழத்துல சொல்லுங்க."

"ஏறத்தாழ ஒண்ணேகால் முழம்."

கூட்டத்தில் ஒரு உறுமல் எழுந்தது. ஒரு கம்பு தரையில் இடித்தது. "ஏலே, கொளத்த அழிச்சிட்டியேலே!" என்று யாரோ கத்தினார்கள்.

அப்போதுதான் மாடசாமி மடியிலிருந்து அந்த ஈர்க்கை எடுத்தார். "அய்யா, சார் நோட்டுல தப்பா ஏறியிருக்கும். இந்தா ஈர்க்கு. என் கை முழத்துக்கு மேல ஒரு மயிரிழைகூட இல்ல."

"இப்பம் ஒடிச்சிட்டு வந்திருப்ப" என்றான் ஒருத்தன்.

"கீறின ஈர்க்குலா! பாதி சாருகிட்ட இருக்கு. சேத்துப் பாருங்க."

ஆடு மேய்க்கிற ஊர். அந்த ஒரு பேச்சு எல்லாரையும் அமர்த்திவிட்டது. கீறிய ஈர்க்கு பொருந்தினால் அதற்குமேல் அங்கே வழக்கு கிடையாது. வெள்ளைத்துரை என் பக்கம் திரும்பி, தணிவாக, மரியாதையாகக் கேட்டார்.

"இதுக்குச் சோடி உங்ககிட்ட இருக்கா சார்?"

இருந்தது, நான்தான் எறிந்தேன், ஈர்க்கில் பதினெட்டுதான், நோட்டை நான்தான் திருத்தினேன். நாலு வார்த்தை. வாய் வரை வந்தது. சர்க்கார் நோட்டைத் திருத்தியவன் என்று ஐம்பது பேர் முன்னால் சொன்னால் அது சாயந்தரத்துக்குள் திருநெல்வேலிக்குப் போய்விடும். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவனை நோட்டில் கை வைத்ததற்காகத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அது மட்டுமில்லை, அந்தக் கம்புகள். குளம் செத்துப்போன கோபத்துக்கு அன்றைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நானாக இருக்கக் கூடாது என்றுதான் என் உடம்பு முழுக்க நினைத்தது.

"இல்லை" என்றேன்.

மாடசாமி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. "சார், நெனச்சுப் பாருங்க. பொட்டலத்தோட கட்டிக் குடுத்தேன்லா?" என்றார்.

நான் நோட்டை மூடினேன்.

அவர் இனி அந்தக் குளத்தில் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பானது. வலையைக் கொண்டுவரச் சொல்லி, வெடித்த குளத்துத் தரையில் போட்டுக் கொளுத்தினார்கள். அவர் அப்பா பின்னிய வலையாம். நல்ல வெயில், தீ இருப்பதே தெரியவில்லை. வலை மட்டும் சுருண்டு சுருண்டு காணாமல் போனது. யாரும் அவரை அடிக்கவில்லை. அதை ஒரு ஆறுதலாக வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

அடுப்படி

வழியெல்லாம் நான் சொன்னது பொய்யில்லை என்று எனக்கு நானே வக்கீல் பேசினேன். சோடி என்னிடம் இல்லைதானே? எறிந்தது எறிந்ததுதானே? புற்றுமண் தொட்டுப் பொய் சொன்னால் பாம்பு வீடு தேடி வரும் என்பார்கள். நான் பொய் சொல்லவில்லை. எனக்கு ஏன் வரப்போகிறது?

வீட்டுக்குள் நுழைந்தேன். கோமதி அடுப்படியில் இருந்தாள். சாயந்தரத்துக்கு விளக்கைத் துடைத்துத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். திரியைத் தள்ளுகிற குச்சியைப் பார்த்தேன்.

"அது ஏது?" என்றேன்.

"கொல்லையில கெடந்துச்சு. நல்லா நீளமா இருக்கேன்னு எடுத்து வச்சேன். ஏன், வேணுமா?"

பாதியாகக் கீறிய பனை ஈர்க்கு. நுனி லேசாக எண்ணெய் பட்டுக் கருத்திருந்தது. மற்றபடி முழுசு.

அந்த நிமிஷம் வரை நான் சொன்னது பாதிப் பொய். இப்போது முழுப் பொய்யாகிவிட்டது. வண்டிக்காரன் இன்னும் தெருவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். ஏறி உட்கார்ந்தால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். "கிடைத்துவிட்டது" என்று நீட்டலாம். நோட்டில் ஏன் வேறு எண் என்று கேட்பார்கள். முதலில் ஏன் இல்லை என்றாய் என்று கேட்பார்கள். நெற்றியில் மண் இன்னும் உதிரவில்லை.

ஈர்க்கை அவள் கையிலிருந்து வாங்கினேன். இரண்டாக ஒடித்து அடுப்பில் வைத்தேன். காய்ந்த ஈர்க்கு, ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

கோமதி என் முகத்தைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். பிறகு விளக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதற்குப் பிறகு எனக்குக் கயிறு கிடந்தால் பாம்பு, கொடி நெளிந்தால் பாம்பு. ஓட்டுக் கூரையில் எலி ஓடினால் கோமதியை எழுப்பி உட்கார வைப்பேன். பிள்ளை பிறக்கிற வரை பட்ட பாடு கொஞ்சமில்லை. பெண் குழந்தை, நன்றாகப் பிறந்தாள். என்ன பெயர் வைப்பது என்று கேட்டார்கள். பயத்தில் அம்மன் பெயரையே வைத்தேன். வீட்டில் இரண்டு கோமதி ஆனார்கள்.

பெரிய ஆபீசர் கேட்டது

மறுவருஷம் பட்டணத்திலிருந்து பெரிய ஆபீசர் வந்தார். கட்டத்தாளை விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நேரா இருக்கே" என்றார். "வத்திப்போற குளத்து மீனெல்லாம் எங்கே?"

"எந்த மீன் சார்?" என்றேன்.

"தண்ணி வத்தி, தீனி இல்லாம கிடக்கிற மீனுக்கு உடம்பு வளராது. கல்லு மட்டும் வளர்றதை நிறுத்தாது. அந்தக் குளத்து மீன் கோட்டை விட்டு விலகித்தான் நிக்கணும். அதைப் பார்க்கத்தானய்யா உங்களை இந்த வறண்ட ஊருக்கு அனுப்பினதே!"

எப்படி விளங்கிக்கொண்டேன் என்றால், பஞ்சத்தில் பிள்ளை உயரம் நின்றுபோகும், வயது நிற்குமா? அந்தக் கல், ஒரு முழ உடம்புக்குள் இருந்த வயதான கல். அந்தக் கோடையில் அதே போல வற்றிய இன்னொரு குளத்துக்கு நானே போய், நானே பலகையில் கிடத்தி அளந்தேன். எடுத்த கல் எல்லாம் உடம்புக்கு மீறிய கல். மாடசாமியின் கல்லுக்கு ஒப்பான கல் இருந்த மீன்கள் எல்லாம் ஒரு முழத்தை ஒட்டித்தான் இருந்தன.

வளையம் போட்ட மீனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. வெடித்த சேற்றில் கொக்கு கொத்திப் போனதோ என்னவோ.

புளியங்குடியில்

அவரைத் தேடிப் போக எனக்குப் பல மாதம் தைரியம் வரவில்லை. தேடாமலே ஒரு நாள் பார்த்தேன். புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒளிந்துகொள்ள ஒரு தூண் தேடினேன், உண்மையைச் சொல்கிறேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"சார், நல்லா இருக்கியளா? என்ன புள்ள பொறந்துச்சு? கல்லு இன்னும் எடுக்கியளா?"

மூட்டைகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, அழிப்பு, கொல்லை, அடுப்பு. சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தரம் தண்ணீர் குடித்தேன். "ஊரில் வந்து சொல்கிறேன். எல்லாரும் கேட்கச் சொல்கிறேன்" என்றேன்.

அவர் தலைத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுப்புலயா வச்சிய?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா."

துணியை மறுபடி தலையில் சுற்றிக் கட்டினார். "இப்பம் போயி என்ன செய்ய சார்? கொளம் பெருகிட்டு. வேற ஒருத்தன் வலை போடுதான், அவனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ள. நீங்க போயிச் சொன்னா உங்கள உண்டு இல்லன்னு ஆக்கிருவானுவ. வேண்டாம், விடுங்க."

அவர் வேண்டாம் என்றதும் எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதி வந்தது. அதைத்தான் இத்தனை வருஷமும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போகும்போது, சந்தைக் கணக்குப்பிள்ளை அறையில் வைத்திருந்த தன் துணி மூட்டையைத் திறந்து அந்த ஈர்க்கை எடுத்துக் கொடுத்தார். இத்தனை நாள் கூடவே வைத்திருந்திருக்கிறார். "எனக்கு எதுக்கு? உங்க நோட்டுக்கு ஆகும்லா?" என்றார்.

நோட்டில் இருபத்திரண்டை அடித்துப் பதினெட்டு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வேலை போகவில்லை. யாரும் ஏனென்றுகூடக் கேட்கவில்லை. இதற்காகவா அத்தனை பயம்!

அந்த ஊருக்கு நான் போகவே இல்லை. வெள்ளைத்துரையும் போய்விட்டார், மாடசாமியும் போய்விட்டார். ஈர்க்கு இதோ, எழுதுகிற மேஜையில் பேனாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. போன மாதம் பேத்தி வந்தவள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் வழவழப்பு, கீறின பக்கம் நார் நாராக.

"பாதிதான் இருக்கு தாத்தா. இன்னொரு பாதி எங்கே?"

மடையடியில் என்னிடம் கேட்டதும் இதுதான்.

"இருந்ததும்மா" என்றேன். "நான் எரிச்சுட்டேன்."